நீக்கியும் நீங்காத தரவு

மெயின்பிரேம் என்ற பெருங்கணினியின் தரவுத்தளத்தில் ஒரு பதிவை நீக்குவது ஒரு வேலை. யாராலும் மீட்க முடியாதபடி அதை அழிப்பது வேறொரு வேலை. முதல் வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதற்குத் தனிக் கட்டளை வேண்டும், அதைப் பல இடங்களில் கொடுக்க வேண்டும், சில இடங்களில் கொடுக்க வழியே இருக்காது. கணக்கை மூடிய வாடிக்கையாளருக்கு ‘உங்கள் விவரங்கள் நீக்கப்பட்டன’ என்று வரும் செய்தி பெரும்பாலும் முதல் வேலையைத்தான் சொல்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வது இரண்டாவதை.

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் வாரிசுகள்தான் இன்றும் உலகின் பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், விமானச் சேவைகள் பலவற்றின் கணக்கைப் பார்க்கின்றன. சென்னை ஐஐடியில் 1973இல் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. பின்னாளில் கணினிக்கு மாறிய இந்திய வங்கிகள் பெரும்பாலும் வேறு வகை இயந்திரங்களையே வாங்கின. ஆகவே இன்று தமிழருக்கும் மெயின்பிரேமுக்கும் உள்ள உறவு ஒரு விசித்திரமான உறவு: இயந்திரம் வெளிநாட்டில் ஓடும், அதைப் பார்த்துக்கொள்பவர் இங்கே இருப்பார். 2000ஆம் ஆண்டுச் சிக்கலைச் சரிசெய்ய ஆள் தேவைப்பட்ட காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. நாகர்கோவில், சுசீந்திரம் பக்கத்தில் படித்துவிட்டு சிறுசேரிக்கோ திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ வேலைக்குப் போகிறவர்களிடமும் கோபோல், ஜேசிஎல், டிபி2 என்ற மெயின்பிரேம் மொழி, மென்பொருள் பெயர்களைக் கேட்கலாம். ‘ஜாப் அபெண்ட் ஆகிவிட்டது’, அதாவது ஓடிய வேலை பாதியில் நின்றுவிட்டது, என்று நடுச்சாமத்தில் போன் வந்தால் எழுந்து உட்காருவதும் அந்த வேலையில் அடக்கம்.

அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் ஊர் திரும்புகிறார், அங்கே வைத்திருந்த வங்கிக் கணக்கை மூடுகிறார், தம் விவரங்களையும் நீக்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் டிபி2 தரவுத்தளத்தில் அவருடைய வரியில் பெயர், பிறந்த தேதி, அடையாள எண், கடைசியாகக் கொடுத்த சுசீந்திரம் முகவரி எல்லாம் இருக்கும். டிபி2 தன் தரவைப் பக்கம் பக்கமாகச் சேமிக்கிறது. ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட். பக்கத்தின் கடைசியில் ஒரு சிறிய பட்டியல் உண்டு. எந்த வரி பக்கத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது மட்டும் அதில் இருக்கும். டெலீட் கட்டளை வந்ததும் டிபி2 அந்தப் பட்டியலில் இருக்கும் குறிப்பை ரத்து செய்து, வரி இருந்த இடத்தைக் காலி இடம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது. வரியின் மேல் எதையும் எழுதுவதில்லை. சுசீந்திரம் ரத வீதியில் ஒரு வீட்டைப் பேரூராட்சியின் வீட்டுவரிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் வீட்டுவரி நோட்டீஸ் வராமல் போகும். வீடு அங்கேயேதான் நிற்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மெயின்பிரேம் எழுத்துகளைச் சேமிக்க எப்சிடிக் என்ற தன் சொந்தக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய ‘சுசீந்திரம்’ அந்தக் குறியீட்டில் பத்து பைட்: இ2, இ4, சி3, சி8, சி9, டி5, சி4, டி9, சி1, டி4. டிபி2 பக்கங்களை உள்ளது உள்ளபடி அச்சிட்டுக் காட்டும் கருவி ஒன்று டிபி2வோடேயே வருகிறது. தரவைச் சுருக்கி வைக்காத ஒரு டேபிளில், வரியை நீக்கிய பிறகு, வேறு வரி எதுவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதற்குள் அந்தக் கருவியை ஓட்டினால் பத்து பைட்டும் வரிசை குலையாமல் தெரியும். ‘செலக்ட்’ கேள்விக்கு அந்த வாடிக்கையாளர் இல்லை. வட்டில் இருக்கிறார்.

தேடலுக்காக வைத்திருக்கும் இண்டெக்சிலும் இதே கதைதான். நீக்கிய வரிக்கான இண்டெக்ஸ் குறிப்பு உடனே எடுக்கப்படுவதில்லை. ‘நீக்கியதாகக் கருது’ என்று ஒரு கொடி மட்டும் அதன்மேல் போடப்படும். டிபி2வின் 11ஆம் பதிப்பிலிருந்து பின்னணியில் ஓடும் ஒரு துப்புரவு வேலை இவற்றைப் பிறகு எடுக்கிறது. டேபிளையே காலி செய்யும் கட்டளை இன்னும் சுருக்கமாக வேலை முடிக்கும். வரிகளை அது தொடுவதே இல்லை. இடக்கணக்கு வைத்திருக்கும் பக்கத்தில் ‘இந்தப் பகுதிகள் காலி’ என்று மாற்றிவிட்டுப் போய்விடும். ஒரு கோடி வரிகள் ஒரு நொடியில் காணாமல் போவதன் ரகசியம் இவ்வளவுதான்.

டிபி2வுக்கு முந்திய தரவுத்தளமான ஐஎம்எஸ் அப்பல்லோ நிலவுத் திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக உருவாகி 1968இல் ஓடத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு பதிவுத் துண்டின் தலைப்பிலும் ‘நீக்கல் பைட்’ என்றே ஒன்று இருக்கிறது. சில வகை ஐஎம்எஸ் அமைப்புகளில் நீக்கம் என்பது அந்த ஒரு பைட்டை மாற்றுவதோடு சரி. மெயின்பிரேமின் விசாம் எனப்படும் கோப்புகளில், வந்த வரிசையிலேயே பதிவுகளை அடுக்கும் வகையில் நீக்கும் வசதியே கிடையாது. வேண்டாத பதிவுக்கு நிரல் எழுதுகிறவர் தாமே ஓர் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். இவை எவையும் கவனக்குறைவால் வந்த குறைகள் அல்ல. வட்டு மெதுவாகவும் விலை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு பதிவை நீக்க முழு இடத்தையும் மறுபடி எழுதுவது வீண் செலவு. தவறுதலாக நீக்கியதை மீட்க முடிவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வசதி.

‘ரீஆர்க் போட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும்’ என்பது ஷிப்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பாதி உண்மை. ரீஆர்க் என்ற வேலை உயிரோடு இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துப் புதிய கோப்பில் ஒழுங்காக அடுக்கும். நீக்கியவை அங்கே போவதில்லை. ஆனால் பழைய கோப்பு என்ன ஆகிறது? அதை இசட்/ஓஎஸ் இயங்குதளம் நீக்குகிறது. அதாவது கோப்புகளின் பட்டியலான கேட்டலாக்கில் இருந்த பெயரும், வட்டின் உள்ளடக்க அட்டவணையில் இருந்த குறிப்பும் எடுக்கப்படுகின்றன. தடங்களில் எழுதியிருந்தது அப்படியே கிடக்கும், இன்னொரு கோப்பு அந்த இடத்தில் எழுதப்படும்வரை. மெயின்பிரேம் இன்றும் 3390 என்ற பழைய வட்டின் அளவுகளில்தான் கணக்குப் போடுகிறது: ஒரு தடம் 56,664 பைட், ஒரு சிலிண்டருக்கு 15 தடம். காலியாக விடப்பட்ட ஒரே ஒரு சிலிண்டரில் எத்தனை வாடிக்கையாளர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

காலியான அந்த இடம் மறுநாள் வேறொருவரின் கோப்புக்கு ஒதுக்கப்படும். அவர் தம் கோப்பின் முடிவுக்குறியைத் தாண்டித் தடங்களை நேரடியாகப் படிக்கும் நிரல் ஒன்றை எழுதினால் முந்தையவரின் தரவு அவருக்குக் கிடைக்கும். அவர் யாருடைய அனுமதியையும் மீறவில்லை. தம் சொந்த இடத்தைத்தான் படிக்கிறார். 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட, ஆரஞ்சுப் புத்தகம் என்று அழைக்கப்பட்ட கணினிப் பாதுகாப்பு அளவுகோல் இந்த ஓட்டையைத் தனியாகவே கவனித்தது: ஒருவர் பயன்படுத்திய இடம் இன்னொருவர் கைக்குப் போகும்போது பழைய தரவு எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது.

இதற்கான பூட்டு மெயின்பிரேமிலேயே உண்டு. ஐடிகாம்ஸ் என்ற கருவியில் கோப்பை நீக்கும்போது ‘எரேஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தால், நீக்குவதற்கு முன் கோப்பின் இடம் முழுவதும் பூச்சியம் எழுதப்படும். ராக்எஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளில் இன்னும் உறுதியான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட பெயருள்ள கோப்புகள் எப்போது நீக்கப்பட்டாலும், யார் நீக்கினாலும், அவற்றின் தடங்கள் துடைக்கப்பட வேண்டும் என்று நிர்வாகி ஒரே தடவை விதித்துவிடலாம். எல்லாக் கோப்புக்கும் சேர்த்து விதிக்கவும் முடியும். அப்போது இரவில் மொத்தமாக ஓடும் ‘பேட்ச்’ வேலைகளில் வரிசைப்படுத்தலுக்காகத் தோன்றி மறையும் தற்காலிகக் கோப்புகளும் துடைக்கப்படும். பலரும் மறப்பது இவற்றைத்தான். வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் ஒவ்வோர் இரவும் அவற்றின் வழியாகப் போய் வருகிறது. பூட்டு இருந்தும் பல இடங்களில் நீண்ட காலம் அதைப் போடாததற்குக் காரணம் நேரம். துடைப்பது என்றால் எழுதுவது. எழுத நேரம் பிடிக்கும். விடிவதற்குள் பேட்ச் முடிந்தாக வேண்டும். அண்மைய இசட்/ஓஎஸ் பதிப்புகளில் துடைப்பு வேகமாகிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய சாக்கைச் சொல்வது சோம்பல்தான்.

வட்டைத் துடைத்தாலும் விஷயம் தீராது. தரவுத்தளம் தான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் லாக் என்ற பதிவில் எழுதுகிறது, பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக. ஒரு வரியை நீக்கினால், நீக்கத்தைத் திரும்பப் பெற வேண்டி வருமே என்று அந்த வரியின் உள்ளடக்கம் லாக்கில் எழுதப்படும். ஆக, சுசீந்திரத்துக்காரரின் விவரங்களை நீக்கும் கட்டளையே அவற்றுக்கு இன்னொரு நகலை உண்டாக்குகிறது. லாக் நிறைந்ததும் காப்பக லாக்காக மாறி டேப்புக்குப் போகும். இமேஜ் காப்பி எனப்படும் முழு நகல்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் தனியாக எடுக்கப்படும். தொலைதூரத்தில் இருக்கும் மாற்று மையத்தில் வட்டுகளின் கண்ணாடி நகல் ஓடும். சோதனைக்காகப் பிரித்தெடுத்த டேபிள், அறிக்கைக்காக அனுப்பிய கோப்பு, ஸ்பூல் என்ற அச்சு வரிசையில் அச்சாகாமல் கிடக்கும் பட்டியல் என்று நகல்கள் பெருகும். பழைய இமேஜ் காப்பிகளின் பட்டியலைச் சுத்தப்படுத்தும் டிபி2 வேலைகூட அடிப்படையில் பட்டியலிலிருந்து வரிகளைத்தான் எடுக்கிறது. டேப்பில் இருப்பதை அது அழிக்காது.

காப்பு நகல் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி வெள்ளை மாளிகையில் கிடைத்தது. 1980களில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் குழுவின் அதிகாரிகள் ப்ராஃப்ஸ் என்ற ஐபிஎம் மென்பொருளில், மெயின்பிரேம் வழியாக, ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் எழுதிக்கொண்டார்கள். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, கிடைத்த பணத்தை நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 நவம்பரில் வெளிவரத் தொடங்கியபோது அந்தக் குழுவின் ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும் தங்கள் கணக்கில் இருந்த கடிதங்களை நீக்கினார்கள். பாயின்டெக்ஸ்டர் நீக்கியவை 5,000க்கும் மேல். நார்த் நீக்கியவை 700க்கும் மேல். திரையில் எல்லாம் போய்விட்டன. ஆனால் வெள்ளை மாளிகையின் தகவல் தொடர்புப் பிரிவு வழக்கமாக எடுத்து வைத்திருந்த காப்பு டேப்புகளில் அவை இருந்தன. விசாரணையாளர்கள் அவற்றை மீட்டார்கள். 1987 பிப்ரவரி இறுதியில் வெளியான, இந்த விவகாரத்தை விசாரித்த டவர் குழுவின் அறிக்கையில் அந்தக் கடிதங்கள் அச்சேறின.

கதை அங்கே முடியவில்லை. 1989 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரேகனின் பதவிக்காலம் முடிகிற தறுவாயில் அந்த ப்ராஃப்ஸ் டேப்புகளைத் துடைத்துவிட ஏற்பாடு நடந்தது. ஜனவரி 19 அன்று பத்திரிகையாளர் ஸ்காட் ஆம்ஸ்ட்ராங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்ற தனியார் அமைப்பும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். இரண்டு தனிமனிதர்கள் நீக்க நினைத்து முடியாமல் போனதை ஓர் அரசு அலுவலகம் டேப்பைத் துடைத்து எளிதாகச் செய்திருக்கும். ப்ராஃப்ஸ் தரவுத்தளம் அல்ல, அஞ்சல் மென்பொருள்தான். ஆனாலும் நீக்கத்துக்கும் அழிப்புக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சம்பவம் அரிது. அழியாமல் இருப்பது எப்போதும் கேடு என்றும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

காப்பு டேப்பிலிருந்து ஒரே ஒருவரின் வரியை மட்டும் எடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். டேப் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எழுதப்படுவது. நடுவில் கைவைக்க முடியாது. ஆகவே நிறுவனங்கள் வேறு வழியில் போகின்றன. டேப்புக்கு ஆயுள் குறித்து, அது முடியும்வரை யாரும் தொடாமல் வைக்கிறார்கள். இடையில் அந்த டேப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்க நேர்ந்தால், நீக்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்து மறுபடி நீக்குகிறார்கள். அந்தப் பட்டியலே ஒரு தனிநபர் தரவு என்பது இதில் உள்ள வேடிக்கை. ஆயுள் முடிந்த டேப் ‘ஸ்கிராட்ச்’ டேப் ஆகிப் பொதுக் குவியலுக்குத் திரும்பும். அதில் இருந்ததும் அப்போதே அழிவதில்லை. மறுபடி எழுதும்போது புதிய கோப்பு சிறியதாக இருந்தால், அதற்கு அப்பால் பழைய தரவு மிச்சம் இருக்கும். டேப் நூலகத்தை நிர்வகிக்கும் மென்பொருளில் ‘விடுவிக்கும் முன் துடை’ என்ற ஏற்பாட்டைப் போட்டிருந்தால் மட்டுமே இது நடக்காது.

வட்டில் எத்தனை தடவை மேலெழுத வேண்டும் என்பது நெடுநாள் சர்ச்சை. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையால் 35 தடவை என்ற எண் பரவியது. அன்றைய பலவகை வட்டுகளையும் மனதில் வைத்துச் சொன்னது அது. எந்த ஒரு வட்டுக்கும் 35ம் தேவையில்லை என்று அவரே பிற்பாடு விளக்கினார். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2006இல் முதலில் வெளியிட்டு 2014இலும் 2025இலும் திருத்திய 800-88 வழிகாட்டி, இன்றைய காந்த வட்டுக்கு ஒரு தடவை முழுமையாக எழுதினாலே போதும் என்ற பக்கம் நிற்கிறது. அதிலுள்ள மூன்று படிகள் இவை: சாதாரணக் கருவிகளால் மீட்க முடியாதபடி துடைப்பது, ஆய்வுக்கூட வசதி இருந்தாலும் மீட்க முடியாதபடி துடைப்பது, சாதனத்தையே நொறுக்குவது.

இன்றைய சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, எழுதும் இடத்தில்தான். மெயின்பிரேம் காணும் 3390 வட்டு இப்போது ஒரு தோற்றம் மட்டுமே. அதற்குப் பின்னால் பல வட்டுகளிலோ ஃபிளாஷ் சில்லுகளிலோ தரவு சிதறிக் கிடக்கும். ஃபிளாஷில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு தடவையும் புதிய இடத்தில் எழுதும். இயங்குதளம் பூச்சியம் எழுதுகிறது. பூச்சியங்கள் வேறிடத்தில் போய் விழுகின்றன. பழைய பைட்டுகள் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மட்டும் தெரிந்த மூலையில் சில காலம் தங்கும். ராக்எஃப் துடைப்பு இன்னொரு பயனர் படிப்பதைத் தடுக்கும். கழற்றிய சில்லை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறவரை அது தடுக்கும் என்று உறுதி கூற முடியாது.

இதற்கு இப்போது பலரும் நம்பும் பதில் மறைகுறியாக்கம். எழுதும்போதே பூட்டி எழுதினால், பின்னால் சாவியை அழித்தால் போதும். அந்தச் சாவியால் பூட்டிய நகல் எத்தனை எங்கே இருந்தாலும் எல்லாம் ஒரே சமயத்தில் குப்பையாகிவிடும். ஐபிஎம் 2017இல் இசட்14 மெயின்பிரேமோடு எல்லாக் கோப்பையும் 256 பிட் சாவியால் பூட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கோப்பின் சாவி ஒரு சாவிக் கோப்பில் இருக்கும். அந்தச் சாவியைப் பூட்டும் தலைமைச் சாவி, திறக்க முயன்றால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் தனி அட்டைக்குள் இருக்கும். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சாவிக்கும் காப்பு நகல் எடுத்திருப்பார்கள். அதையும் தேடி அழிக்காவிட்டால் அழிப்பு இல்லை. இன்னொன்று, சாவி கோப்புக்கு ஒன்று என்பதால் சாவியை அழித்தால் கோப்பில் இருக்கும் எல்லாரும் போவார்கள். சுசீந்திரத்துக்காரர் ஒருவரை மட்டும் அழிக்க வேண்டுமென்றால் அவருக்கென்று ஒரு சாவி முதலிலேயே இருந்திருக்க வேண்டும். பழைய தரவுத்தளங்களை அப்படி யாரும் வடிவமைக்கவில்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்துக்கு அண்மையில்தான் வந்தது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், அடையாளச் சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்து ஆண்டு காப்பகத்தில் வைக்கும் விதியை ரத்து செய்து, ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. 2023 ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ நோக்கம் முடிந்தாலோ தரவை அழிக்க வேண்டும் என்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அது விலக்கு. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி வங்கி, கணக்கு மூடிய பிறகும் ஐந்து ஆண்டு வாடிக்கையாளர் ஆவணங்களை வைத்திருந்தாக வேண்டும். ஆகவே உடனே அழிக்கச் சொன்னாலும் சட்டப்படியே மறுக்கப்படலாம். 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. டேப்பில் என்ன செய்ய வேண்டும், லாக்கில் என்ன செய்ய வேண்டும் என்ற தொழில்நுட்பக் கணக்கு நிறுவனங்களின் தலையில்தான்.

கடைசியில் இயந்திரமே ஓய்வு பெறும். மேலே சொன்ன அத்தனை ஏற்பாடும் இங்கே வீணாகலாம். அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனம் தன் தரவு மையச் சாதனங்களை அகற்றும் பொறுப்பை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தது. வட்டுகள் கைமாறி, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. 2020இல் அமெரிக்க வங்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆறு கோடி டாலரும், 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் மூன்றரைக் கோடி டாலரும் அபராதம் விதித்தன. ஆணையத்தின் கணக்குப்படி பெரும்பாலான சாதனங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இப்படி நடக்காமல் இருக்க, சாதனங்களை அழித்ததற்கான சான்றிதழில் ஒவ்வொரு சாதனத்தின் வரிசை எண், அழித்த முறை, சரிபார்த்தவர், தேதி எல்லாம் இருக்க வேண்டும் என்று நிஸ்ட் வழிகாட்டி கேட்கிறது. பழுதாகி எழுத முடியாமல் போன வட்டைத் துடைக்கவும் முடியாது. அதனால் உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் வட்டைத் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுக்காமல் தாங்களே வைத்து நொறுக்குவதற்கு, தனிக் கட்டணம் கட்டி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வங்கிகள் உண்டு.